ஒரே குவியலாய்க் கொட்டிய கொழுந்து

அந்த எண்ணம் எனக்கு முதன்முதலில் வந்தது ஹட்டன் ஸ்டேஷனில், வெங்காய மூட்டைகளுக்கு நடுவில்.

கொழும்பிலிருந்து சரக்கு ரயிலில் வெங்காயம் வரும். அதைக் கொண்டுவரும் ஏஜண்டு மேடையிலேயே மூட்டைகளை அடுக்கி வைத்துவிட்டு, ஒன்றும் பேசாமல் பீடி குடித்துக்கொண்டு நிற்பார். பேச வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை. கடைவீதியில் மளிகைக் கடை வைத்திருக்கும் காசிம் நானாவும் எதிர்க்கடைக்காரரும் மூச்சிரைக்க ஓடி வந்து ஒருவருக்கு மேல் ஒருவர் விலையை ஏற்றிவிடுவார்கள். பீடி முடிவதற்குள் வியாபாரம் முடிந்துவிடும். நான் பஸ்ஸை விட்டிறங்கி எங்கள் தோட்டத் தொழிலாளர் சங்கக் காரியாலயத்துக்குத் தினமும் அந்த வழியாகத்தான் நடந்து வருவேன், இதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

ஒரு நாள் இருவரும் வரவில்லை. நானாவின் தம்பி மட்டும் வந்து, இரண்டு கடைக்கும் சேர்த்து ஒரே விலை கேட்டார். ஏஜண்டு பீடியைக் கீழே போட்டுவிட்டுப் பேச ஆரம்பித்தார்.

கடைக்குப் போய், சண்டை தீர்ந்துவிட்டதா என்று நானாவிடம் கேட்டேன். "சண்டை எங்க புள்ள தீரும்?" என்றார் அவர். "வாங்கப் போற எடத்துல மட்டும் நிறுத்தி வச்சிருக்கோம்."

அன்று முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. லண்டன் ஏலத்தில் நம் சிலோன் தேயிலையும் இந்தியாவின் தேயிலையும் ஒரே கூரையின் கீழ்தான் விற்கிறது. நாம் அதிகம் அனுப்பினால் அவர்கள் விலை விழுகிறது, அவர்கள் அனுப்பினால் நம் விலை விழுகிறது. வாங்குகிறவர் பீடி குடித்துக்கொண்டு காத்திருக்கிறார். தேயிலை விளைகிற நாடுகள் எல்லாம் சேர்ந்து, விற்கிற இடத்தில் மட்டுமாவது சண்டையை நிறுத்தி வைத்தால் என்ன?

நீங்கள் சிரிக்கலாம். ஸ்டேஷன் மேடையில் உலக வர்த்தகத்தைக் கண்டுபிடித்த பெண் நான். ஆனால் அப்போது இந்தப் பேச்சு பெரிய இடங்களிலும் நடந்துகொண்டிருந்தது. லண்டன் ஐரோப்பியச் சந்தையில் சேரப் போகிறதாம், சேர்ந்துவிட்டால் நமக்கிருந்த வரிச் சலுகை என்ன ஆகும் என்று கொழும்பில் எல்லோரும் கவலைப்பட்டார்கள். அவர்கள் கூட்டுச் சேரும்போது நாம் தனியாக நிற்பதா என்று பத்திரிகைகள் எழுதின. நான் ஒன்று விடாமல் படித்தேன். படித்ததை எல்லாம் அன்றைக்கே யாரிடமாவது சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவள் இல்லை. முப்பது வயதுகூட ஆகவில்லை. ஆனாலும் இந்த ஹட்டன் காரியாலயத்தின் மாதர் பிரிவு மேசையை விட்டுக் கொழும்புக்குப் போகிறேன். என் இடத்துக்கும் பக்கத்து மேசைகளுக்கும் வந்திருக்கும் உங்களுக்குச் சந்தாப் பிரிப்பது, மனு எழுதுவது எல்லாம் யாராவது சொல்லிக் கொடுப்பார்கள். அதை விட்டுவிடுகிறேன். ஒரே ஒரு சம்பவத்தை மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன்.

அப்போது எங்கள் மாவட்டப் பிரதிநிதியாக இருந்தவரை அண்ணன் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். என்னைவிடப் பத்து வயது மூத்தவராக இருக்கலாம். என் வெங்காயக் கதையைக் கேட்ட நாளிலிருந்து எனக்கு 'உலக மகாநாடு' என்று பெயர் வைத்துவிட்டார். காலையில் பஸ் பிந்தினால், "என்னா, உலக மகாநாடு இன்னைக்கு லேட்டா கூடுதா?" என்பார். கேலி செய்தாலும் காதில் வாங்கிக்கொள்கிற மனிதர். சங்கத்தின் மேல்மட்டத்தில் பேசி, விளைகிற நாடுகளின் ஒப்பந்தத்தை நாங்கள் ஆதரிக்கிறோம் என்று சொல்ல வைத்தவர் அவர்தான்.

ஒப்பந்தப் பேச்சின் சாரம் இவ்வளவுதான்: ஒவ்வொரு நாடும் முரட்டு இலையை விட்டுவிட்டு இளங்கொழுந்தை மட்டும் கிள்ள வேண்டும். சரக்கு குறையும், தரம் கூடும், விலை நிற்கும். கேட்க எவ்வளவு அழகாக இருக்கிறது.

பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டம். பெயர் வேண்டாம். வெள்ளைக்காரர் போன பிறகு வந்த நம் நாட்டுத் துரைதான் அங்கே நிர்வாகி. எதிலும் முதல் ஆளாக நிற்க வேண்டும் என்ற ஆசை உள்ளவர். அக்கரையிலிருந்து, நீலகிரித் தேயிலைக்காரர்களின் சார்பில் ஒரு குழு வந்து நாம் உண்மையிலேயே மெல்லிசாகக் கிள்ளுகிறோமா என்று பார்க்கப் போகிறது என்று தெரிந்ததும், தன் தோட்டத்திலேயே சோதனையை நடத்துவதாக ஒப்புக்கொண்டார். பெண்களைச் சம்மதிக்க வைக்கும் வேலை எனக்கு வந்தது. எனக்கென்றே செய்த வேலை.

தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்து வாசலில் கூட்டம் போட்டு வெங்காயக் கதையைச் சொன்னேன். அந்தத் தோட்டத்து மாதர் சங்கத் தலைவி காமாட்சி அக்கா. அவர் ஒரு மலையில் நின்று பேசினால் அடுத்த மலையில் கங்காணி திரும்பிப் பார்ப்பார். கதை முடிகிற வரைக்கும் தாடையில் கை வைத்துக் கேட்டுவிட்டு, "லண்டன்காரனும் பீடிதான் குடிக்கிறானா தங்கச்சி? சுருட்டாவது குடிக்கக் கூடாதா?" என்றார். கூட்டம் முழுக்கச் சிரித்தது. ஆனால் சம்மதித்தார்கள். மெல்லிசாகக் கிள்ளுவது அவர்களுக்கு ஒரு கௌரவம். முரட்டு இலையை வாரிப் போடச் சொல்லும்போதுதான் அவர்களுக்குக் கை கூசும்.

சோதனை தொடங்கிய வாரத்திலேயே சிக்கல் வந்தது.

உங்களில் சிலர் பட்டணத்துப் பிள்ளைகள், அதனால் சொல்கிறேன். தோட்டத்தில் ஒரு பெண் ஒரு நாளைக்குக் குறித்த ராத்தல் கொழுந்து நிறுத்துக் கொடுத்தால்தான் அவளுக்கு முழுப்பேர் விழும். குறைந்தால் அரைப்பேர், அதாவது பாதிச் சம்பளம். இளங்கொழுந்து லேசாக இருக்கும். காலையிலிருந்து நிமிராமல் கிள்ளினாலும் கூடை கனக்காது. ஆனால் முழுப்பேருக்கு வேண்டிய ராத்தல் முரட்டு இலைக்குப் போட்ட பழைய ராத்தலாகவே இருந்தது. துரை, சங்கம், கொழும்பு, அக்கரை என்று நாங்கள் அத்தனை பேரும் பெண்களின் விரலைப் பார்த்தோமே தவிரத் தராசைப் பார்க்கவில்லை.

துரையிடம் போனோம். தான் ஒருவர் மட்டும் ராத்தலைக் குறைத்தால் சுற்றியுள்ள தோட்டங்கள் சும்மா இருக்காது, குழு வந்து போகட்டும், பிறகு பேசலாம் என்றார். அண்ணனும் சரி என்று தலையாட்டினார்.

பெண்கள் அந்தப் 'பிறகு' வரை காத்திருக்கவில்லை.

மலையில் ஒரு பழைய வழக்கம் உண்டு. ஒருத்திக்குக் காய்ச்சல், அல்லது கைக்குழந்தைக்காரி, கூடை நிறையவில்லை என்றால், பக்கத்து நிரையில் கிள்ளுகிறவர்கள் ஆளுக்கு ஒரு கை அள்ளி அவள் கூடையில் போடுவார்கள். நிறுக்கிற இடத்துக்கு, அதைக் கொழுந்து மடுவம் என்பார்கள், அங்கே போகும் வழியில் ஒரு வளைவு இருக்கும். கணக்கப்பிள்ளையின் கண்ணுக்கு மறைவான இடம். அந்த வளைவில் இது நடக்கும். எப்போதாவது, ஒருத்திக்காக.

காமாட்சி அக்கா அதை ஒரு முறையாகவே ஆக்கிவிட்டார். இன்றைக்கு இன்னார் இன்னார் அரைப்பேர் வாங்குவது. அவர்கள் கொழுந்தில் ஒரு பங்கு மற்றவர்கள் கூடைக்குப் போகும், அந்த மற்றவர்களுக்கு முழுப்பேர். நாளைக்கு வேறு ஆட்கள். யாரும் தொடர்ந்து நட்டப்படக் கூடாது. முறை யாருக்கு என்பதெல்லாம் அவர் தலையிலேயே இருந்தது. இது எனக்குத் தெரியவந்தபோது எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்ல முடியாது. நாடுகள் பெரிய மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கு எவ்வளவு என்று பிரிக்க முடியாமல் தவித்துக்கொண்டிருந்தன. இங்கே ஒரு பாறை மறைவில் அது தினமும் நடந்துகொண்டிருந்தது.

கணக்கப்பிள்ளை ஒரு நாள் வளைவைச் சுற்றி மேல் பாதை வழியாக வந்தார். கையும் கூடையுமாகப் பிடித்தார்.

துரைக்குக் கோபம் வந்ததில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஒவ்வொருத்தி பெயருக்கு எதிரிலும் விழுந்திருக்கிற ராத்தல் பொய் என்றால் அவருடைய சோதனையே பொய். காமாட்சிக்குப் பத்துச்சீட்டு கொடுக்கப் போவதாகச் சொல்லிவிட்டார். பத்துச்சீட்டு என்றால் வேலை போகும், வேலையோடு லயத்துக் காம்பராவும் போகும், புருஷன் பிள்ளைகளோடு ரோட்டில் நிற்க வேண்டும். வெள்ளிக்கிழமை குழு வருகிறது. அது போன மறுநாள் சீட்டு.

அண்ணன் நெடுநேரம் மேசையைத் தட்டிக்கொண்டிருந்தார். பிறகு தீர்மானமாகச் சொன்னார். குழு வருகிற அன்று காமாட்சி வயிற்றுவலி என்று லயத்தில் இருக்கட்டும். வளைவில் எதுவும் நடக்கக் கூடாது. குழு திருப்தியாகத் திரும்பினால் துரை மனம் குளிர்ந்திருப்பார், அப்போது சீட்டை நிறுத்தச் சொல்லிக் கேட்கலாம். மாறாக அன்றைக்குத் தகராறு நடந்தால், சிலோன்காரன் சொன்ன சொல்லைக் காப்பாற்ற மாட்டான் என்று அக்கரையில் போய்ச் சொல்வார்கள். ஒப்பந்தம் போகும், காமாட்சியும் போவாள். "போய்ச் சொல்லிட்டு வா" என்றார்.

அவர் சொன்னதில் தவறு கண்டுபிடிக்க முடியவில்லை. அதுதான் கஷ்டம். மடத்தனமான யோசனையை எதிர்ப்பது சுலபம்.

பொகவந்தலாவை பஸ்ஸில் வளைந்து வளைந்து போகும்போது எனக்கு ஒன்று மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது. மறைவில் இருக்கிற வரைக்கும்தான் அது திருட்டு. வெளிச்சத்தில் வைத்தால் அதற்கு வேறு பெயர் வந்தாலும் வரலாம். வராமலும் போகலாம். வராவிட்டால் தெருவில் நிற்கப்போவது நான் இல்லை.

நான் போனபோது காமாட்சி அக்கா ரொட்டி தட்டிக்கொண்டிருந்தார். அடுப்புப் பக்கத்தில் பலகையைத் தள்ளிப் போட்டார். அண்ணன் சொன்னதை ஒன்று விடாமல் சொன்னேன். பிறகு, குழுவின் கண்முன்னே எல்லாவற்றையும் வெளிச்சத்தில் வைத்தால் என்ன என்று நான் நினைத்ததையும் சொன்னேன். அவர் ரொட்டியைத் திருப்பிப் போட்டார்.

"நெனைக்கிறது நீ. போறது என் காம்பரா" என்றார்.

"அதுனாலதான் அக்கா ரெண்டையும் சொல்லிட்டேன். எதுன்னு நீங்கதான் சொல்லணும்."

"வெள்ளிக்கிழமை அரைப்பேர் வாங்குற முறை யாருக்குன்னு தெரியுமா? எனக்கு." அடுப்பில் விறகைத் தள்ளினார். "நான் வயித்துவலின்னு படுத்துக்கிட்டா, முறைக்குப் பயந்து படுத்துக்கிட்டான்னு சொல்லுவாளுக. அந்தப் பேச்சு துரை குடுக்கிற சீட்டைவிடப் பெருசு."

புருஷனைப் பார்த்தார். கதவோரம் உட்கார்ந்திருந்த அந்த மனிதர் கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டார். எழுந்து வெளியே போகவும் இல்லை. அதை அக்கா சம்மதமாக எடுத்துக்கொண்டார் போலிருக்கிறது. கையைத் துடைத்துக்கொண்டு பக்கத்துக் காம்பராக்களைக் கூப்பிடப் போனார்.

ரொட்டி தீய்ந்துவிடாமல் நான் பார்த்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் மடுவத்தில் துரை, கணக்கப்பிள்ளை, கொழும்பிலிருந்து வந்த இரண்டு அதிகாரிகள், அக்கரைக் குழுவின் மூன்று பேர் நின்றார்கள். அண்ணன் ஒரு தூணோடு ஒட்டி நின்றார். காமாட்சி அக்காவைப் பார்த்ததும் என் பக்கம் திரும்பினார். நான் தராசைப் பார்த்துக்கொண்டேன்.

முதல் ஆளாகக் காமாட்சி அக்காதான் வந்தார். இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கை அவிழ்த்துச் சிமெண்டுத் தரையில் விரித்தார். கூடையைத் தராசில் மாட்டாமல் அதன் மேல் கவிழ்த்தார். அடுத்தவளும் தன் சாக்கைப் பக்கத்தில் விரித்துக் கவிழ்த்தாள். அதற்கடுத்தவள். கூடைகளின் உட்புறம் உரசும் சத்தம் மட்டும். பச்சை வாசனை மடுவம் முழுக்க ஏறியது. கடைசிக் கூடையும் கவிழ்ந்ததும் இடுப்பளவுக்கு ஒரு குவியல் நின்றது.

"நிறுங்க" என்றார் காமாட்சி அக்கா. "எல்லாம் எங்களோடது."

கணக்கப்பிள்ளை துரையைப் பார்த்தார். துரையின் காது சிவந்துவிட்டது. இது சின்ன ஒழுங்கீனம், ஒரு பெண்ணின் தூண்டுதல், நாளைக்கே நடவடிக்கை எடுக்கப்படும் என்று ஆங்கிலத்தில் வேகமாகச் சொன்னார்.

அக்கரைக் குழுவில் உயரமான ஒருவர் குந்தி உட்கார்ந்து, குவியலுக்குள் முழங்கை வரை கையை விட்டு அள்ளினார். உள்ளே முரட்டு இலையை ஒளித்திருக்கிறார்களா என்று பார்த்திருக்க வேண்டும். இரண்டிலையும் மொட்டும்தான் வந்தது. மறுபடி வேறிடத்தில் அள்ளினார். அதேதான். பிறகு, இவர்கள் ஏன் இப்படிக் கொட்டுகிறார்கள் என்று கேட்டார். துரை பதில் சொல்வதற்குள் அண்ணன் தூணைவிட்டு முன்னால் வந்து, நடந்ததை வளைவு உட்பட எல்லாவற்றையும் நிதானமாகச் சொன்னார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த நிமிடத்தில் அவருடைய யோசனை போய்விட்டது, ஆனால் அவர் போகவில்லை. அதை நான் மறக்க மாட்டேன்.

உயரமானவர் கையிலிருந்த கொழுந்தைக் குவியலிலேயே போட்டுவிட்டு எழுந்தார்.

"எங்க பக்கமும் இதைத் திருட்டுன்னுதானுங்க சொல்றோம்" என்றார்.

அவர் தமிழில் பேசுவார் என்று பெண்கள் எதிர்பார்க்கவில்லை. ஒரு கசமுசா எழுந்து அடங்கியது. குவியலை நிறுக்கச் சொன்னார். நிறுத்து, தலைக்கு எவ்வளவு என்று பிரித்தார்கள். முழுப்பேருக்குரிய ராத்தலுக்குக் கீழேதான் வந்தது. தனித்தனியாக நிறுத்திருந்தால் அநேகமாக எல்லோருக்கும் அரைப்பேர்.

அவர் துரையைப் பார்த்துச் சொன்னார்: "இவங்க ஏமாத்தினாத்தான் உங்க கணக்கு நிக்குதுங்க. எங்க கணக்கும் அப்படித்தான் நிக்குது. அப்புறம் உங்க கணக்கை நாங்க எப்படி நம்பறது, எங்க கணக்கை நீங்க எப்படி நம்புவீங்க?"

துரை ஆசைக்காரர் என்றேன், கெட்டவர் என்று சொல்லவில்லை. மழை தகரத்தில் தட்டத் தொடங்கியிருந்தது. அதைக் கேட்டுக்கொண்டே நின்றார். பிறகு கணக்கப்பிள்ளையிடம், எல்லோருக்கும் முழுப்பேர் போடச் சொன்னார். பத்துச்சீட்டைப் பற்றி அன்றும் பேசவில்லை, மறுநாளும் பேசவில்லை. சோதனை முடியும் வரை கொழுந்தைக் கூட்டாக நிறுப்பது, இளங்கொழுந்துக்கு ராத்தலைக் குறைப்பது என்று முடிவானது.

திரும்பி வரும் பஸ்ஸில் நோர்வூட் தாண்டியதும் அண்ணன், "நான் சொல்லச் சொன்னதைச் சொன்னியா?" என்றார்.

"சொன்னேன் அண்ணே. நான் நெனைச்சதையும் சொன்னேன்."

"ரெண்டையுமா?"

"ரெண்டையும்."

"அப்ப சரி. ஒண்ணை மட்டும் சொல்லியிருந்தா, திங்கக்கிழமை ஒனக்கு மேசை இருந்திருக்காது." ஜன்னலை ஏற்றி மூடிவிட்டு, "எதை மட்டும்னு கேக்காத" என்றார்.

இன்று வரைக்கும் நான் கேட்கவில்லை.

இந்தக் கதை ஜெயித்த கதை என்று நினைத்துவிடாதீர்கள். விளைகிற நாடுகள் கூடின, பேசின, நீ முதலில் குறை என்று ஒருவரை ஒருவர் கைகாட்டிவிட்டுக் கலைந்தன. லண்டனும் அந்த முறை ஐரோப்பியச் சந்தையில் சேரவில்லை, அதனால் கொழும்பில் அவசரமும் தணிந்துவிட்டது. சோதனை நின்றது. ராத்தல் பழையபடி ஏறியது. அந்த வளைவில் இப்போதும் கூடைகள் உரசுகின்றன என்றுதான் நினைக்கிறேன். காமாட்சி அக்காவின் காம்பரா மட்டும் போகவில்லை.

நான் இன்னமும் நாடுகள் கூட்டுச் சேருவதை நம்புகிறவள்தான். தனியாக நின்று விற்கிற சின்ன நாட்டுக்கு வேறு வழி எனக்குத் தெரியவில்லை. ஆனால் இரண்டு நாடுகள் ஒத்துக்கொண்டன என்று பத்திரிகையில் படித்தால் இப்போது எனக்கு முதலில் மடுவம்தான் ஞாபகம் வருகிறது. ஒத்துக்கொண்டதன் கனம் யாருடைய கூடையில் விழப் போகிறது, அவளிடம் யாராவது போய் இரண்டு பக்கத்தையும் சொன்னார்களா என்று யோசிக்கிறேன். உங்களுக்கும் நெருக்கடி வரும். மேலேயிருந்து ஒரு நல்ல யோசனை வரும், உங்களுக்கே ஒரு நல்ல யோசனை தோன்றும். காம்பரா யாருடையதோ அவர் முன்னால் இரண்டையும் வையுங்கள். பிறகு ரொட்டியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சென்ற வருஷம் இந்தியாவும் சிலோனும் உண்மையாகவே ஓர் ஒப்பந்தம் போட்டன. சரக்கைப் பற்றி அல்ல, நம் ஆட்களைப் பற்றி. இத்தனை பேரை இந்தியா எடுத்துக்கொள்வது, இத்தனை பேரை இங்கே பிரஜைகளாக்குவது. லயங்களில் இப்போது வேறு பேச்சே இல்லை. காமாட்சி அக்கா வீட்டில் போவதா இருப்பதா என்று இன்னும் முடிவாகவில்லை. புருஷனுக்குப் போக மனசு, மூத்த மகளுக்கு இல்லை. போனால் குன்னூர்ப் பக்கம் ஏதாவது தேயிலைத் தோட்டமாகத்தான் இருக்கும், எனக்கு வேற என்னா தெரியும் என்கிறார்.

விடைபெறப் போனபோது, அப்படிப் போனால் முழுப்பேருக்கு அங்கே எவ்வளவு ராத்தல் என்று எனக்குச் சொல்லியனுப்பச் சொன்னேன்.

"அனுப்புறேன்" என்றார். "அங்கயும் ஒரு வளைவு இருக்கும் புள்ள. மொத நாளே கண்டுபிடிச்சிருவேன்."

கொழும்பில் தேயிலை ஏற்றுமதி பற்றி அரசாங்கத்துக்கு ஆலோசனை சொல்லும் குழுவில் நம் சங்கத்துக்கு ஓர் இடம் கிடைத்திருக்கிறது. தலைவர்கள் பின்னால் கோப்புகளைத் தூக்கிக்கொண்டு உட்காரப் போகிறவள் நான். விளைகிற நாடுகள் மறுபடி பேசப் போகின்றன என்கிறார்கள். அதற்கு முன், கந்தப்பளையிலிருந்து பொகவந்தலாவை வரை உங்களால் முடிந்த மடுவங்களில் எல்லாம் கடைசிக் கூடை இறங்கும் வரை நின்று, ராத்தல் எவ்வளவு என்று பார்த்து எனக்குச் சொல்லுங்கள். வாய் திறக்க எனக்கு எப்போது அனுமதி கிடைக்குமோ தெரியாது. கிடைக்கிற அன்றைக்கு, விலையைப் பற்றிப் பேச்சு எழுவதற்கு முன்னால் ஒரே ஒரு கேள்வியை மேசையில் வைத்துப் பார்க்கப் போகிறேன்: மெல்லிசாகக் கிள்ளினால் முழுப்பேருக்கு எவ்வளவு, நம் பக்கமும் அவர்கள் பக்கமும்?